மரமாகிப்போன மின்பொறி

கேள்வி: கிளை கிளையாகப் பிரியும் மின்பொறியைக் கணினியில் வளர்த்துப் பார்க்க ஆசைப்பட்டேன். ஒவ்வொரு அடிக்கும் ஏதோ ஒரு கோணத்தில் திரும்பு, அங்கங்கே இரண்டாகப் பிரி என்று நிரல் எழுதினேன். வருவது முருங்கை மரமாக இருக்கிறதே தவிர, பொறியாக இல்லை. எங்கே தவறு?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: உங்கள் கிளைகளுக்கு ஒன்றையொன்று தெரியாது, அதுதான் கோளாறு. காற்றில் ஒரு கிளை நீண்டதுமே சுற்றியுள்ள மின்புலம் முழுவதும் மாறிவிடும். துருத்தி நிற்கும் நுனியில் புலம் கூடும். அதன் நிழலில் மாட்டிக்கொண்ட சிறு கிளைகள் பட்டினி கிடக்கும். முந்தியது மேலும் முந்தும்.

இதைக் கணக்கில் பிடிக்க நீமேயர், பியெட்ரோனேரோ, வீஸ்மான் மூவரும் 1984-ல் ஒரு வழி சொன்னார்கள். பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரியுங்கள். நடுப்புள்ளியில் பொறி; அங்கே மின்னழுத்தம் 0. சுற்றிலும் ஒரு வட்டம், அதில் 1. இடையிலுள்ள ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பும் தன் நான்கு அண்டைக் கட்டங்களின் சராசரியாகும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுங்கள். லாப்லாஸ் சமன்பாடு என்று மிரட்டுவார்களே, வேலை இவ்வளவுதான். பிறகு பொறியை ஒட்டிய கட்டங்களுக்குள் சீட்டுக் குலுக்குங்கள். புலம் வலுவான, அதாவது மின்னழுத்த மதிப்பு கூடிய, கட்டத்துக்குக் கூடுதல் சீட்டு. வென்ற கட்டம் பொறியோடு சேர்ந்து 0 ஆகும். உடனே மறுபடி சராசரிக் கணக்கு. பழைய மதிப்புகளிலிருந்தே தொடங்கினால் நேரம் மிச்சம்.

யாருக்கு எத்தனை சீட்டு? புலத்தை ஈட்டா என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள். ஈட்டா 0 என்றால் எல்லாருக்கும் சமச் சீட்டு, வருவது வெறும் உருண்டை. 4-ஐ நெருங்கினால் கிளையே இல்லாத கோடு. 1-ல்தான் அழகு: ஆரம் இரட்டித்தால் நிரம்பிய கட்டங்கள் ஏறக்குறைய 3.25 மடங்காகும். கோட்டுக்கு 2, வட்டத்தட்டுக்கு 4 என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். கண்ணாடித் தட்டின்மேல் ஓடவிட்ட நிஜப் பொறியும் இந்தக் கணக்கை ஒட்டியே இருந்தது.

இது வடிவத்துக்கான மாதிரி மட்டுமே. வேகம், வெப்பம் எதுவும் இதற்குத் தெரியாது. வளர்ந்த கிளையை முழுக் கடத்தியாக எண்ணுகிறது. காற்றிலோ நேர்மின் பொறியிழைக்குள்ளேயே சென்டிமீட்டருக்குச் சுமார் 5 கிலோவோல்ட் விழுகிறது. அதைச் சேர்ப்பது அடுத்த படி. முதலில் 100-க்கு 100 கட்டத்தில், ஈட்டாவை 1 ஆக வைத்து ஓட்டுங்கள். படம் வந்ததும் எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள்.