மருந்தும் கேட்டலும்: ஐயம் எழுந்தால் ஆராயும் முறை

காது ஒலியை வாங்காமை ஒரு குறைபாடு. காது வாங்கிய ஒலியை மூளை பிரித்தறிந்து பொருள்கொள்ள இயலாமை வேறொரு குறைபாடு. பின்னதை ஜேர்மன் வைத்தியர்கள் ‘ஆ-ஃபௌ-வே-எஸ்’ எனச் சுருக்கிக் கூறுவர். இக்குறைபாடு உடையவர் அமைதியான அறையில் நன்கு கேட்பார். வகுப்பறையிலோ பேருந்திலோ சொற்களைத் தவறவிடுவார். இதனைச் ‘செவிடு’ என மொழிபெயர்த்து வைத்தியரிடம் கூறினால் பரிசோதனையே திசைமாறக்கூடும். ஆகவே எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என விவரித்துக் கூறுவதே நன்று.

சில மருந்துகள் கேட்டலைப் பாதிக்கும் என்பது உறுதியானது. ஜென்டமைசின், புற்றுநோய்க்குரிய சிஸ்பிளாட்டின் ஆகியன உட்காதைத் தாக்கக்கூடியவை. வலிப்பு நோய்க்குரிய கார்பமசெப்பின் உட்கொள்வோருள் மிகச் சிலருக்கு ஒலியின் சுருதியே மாறிக் கேட்கலாம். பெட்டியினுள் இருக்கும் ‘பாக்குங்ஸ்பைலாகே’ என்னும் விளக்கத்தாளில் இத்தகைய விளைவுகள் குறிக்கப்பட்டிருக்கும். அதில் ‘ஹொய்ஃபிக்’ என்றால் 100 பேரில் 1 முதல் 10 பேர். ‘சேர் செல்ட்டன்’ என்றால் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. இவை வரையறுக்கப்பட்ட அளவுகள். வெறும் அச்சமூட்டும் சொற்களல்ல.

மருந்தின் மீதான ஐயத்தை எவ்வாறு ஆராய்வது என்பதற்கு நமது நகரிலேயே முன்னுதாரணம் உண்டு. 1961இல் ஹம்பேர்க் பல்கலைக்கழகச் சிறுவர் மருத்துவமனையில் பணியாற்றிய வைத்தியர் விடுகின்ட் லென்ஸ், கைகால் குறைபாடுகளுடன் பிறந்த குழந்தைகளின் பெற்றோரிடம் விசாரித்தார். அக்குழந்தைகளுள் சிலர் செவிமடலின்றியும் கேட்கும் திறனின்றியும் பிறந்தவர்கள். முதலில் ஏறத்தாழ 20 சதவீதத்தினரே ‘கொன்டெர்கான்’ என்னும் தூக்க மருந்தைக் குறிப்பிட்டனர். அதன் பெயரைச் சொல்லி மீண்டும் வினவியபோது அது 50 சதவீதமாயிற்று. தீங்கற்றது என்று எண்ணியே பலர் முன்பு கூறாதிருந்தனர். 1961 நவம்பர் 27இல் அம்மருந்து சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது.

எனவே தங்கள் பட்டியலில் எதனையும் அற்பமென விடாதீர்கள். வலிமாத்திரை, ஊரிலிருந்து வந்த சூரணம், தூக்க மாத்திரை அனைத்தும் இடம்பெற வேண்டும். ஒவ்வொன்றையும் எத்திகதியில் தொடங்கினீர்கள், அளவு எப்போது மாறியது, கேட்டலில் மாற்றம் எந்நாளில் தென்பட்டது என்பவற்றையும் குறியுங்கள். மாற்றம் மருந்துக்கு முன்பே இருந்ததாயின், ஐயம் பெரும்பாலும் அங்கேயே வலுவிழந்துவிடும். வைத்தியர் விதித்த மூன்று மருந்துகளையேனும் தொடர்ந்து உட்கொள்வோருக்கு, 2016 ஒக்டோபர் முதல் அச்சிட்ட மருந்துத் திட்டத்தைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. அதனை மருந்தகத்திலும் காட்டலாம்.

வைத்தியரின் சொல்லின்றி மருந்தை நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். குடும்ப வைத்தியரோ, காது மூக்கு தொண்டை வைத்தியரோ மாற்று மருந்தைப் பரிசீலிப்பார். குழந்தைகளின் கேட்டல் செயற்பாட்டைச் சோதிப்பதற்கு எப்பென்டோர்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனையில் தனிப்பிரிவு உள்ளது.

நிரூபணம் கையில் இல்லாவிடினும் ஐயத்தை அறிவிக்கலாம். பொன் நகரிலுள்ள ‘பிஃபார்ம்’ என்னும் கூட்டாட்சி மருந்து நிறுவனம் நோயாளரிடமிருந்தே நேரடியாக முறைப்பாட்டைப் பெறுகிறது. கொன்டெர்கானுக்குப் பின் இயற்றப்பட்டு 1978இல் நடைமுறைக்கு வந்த மருந்துச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் இழப்பீட்டுப் பொறுப்பை வகுக்கிறது. 84அ பிரிவின்படி உற்பத்தியாளரிடம் தகவலும் கோரலாம். ஆனால் ஐயத்துக்கு ஆதாரமான உண்மைகளை முன்வைப்பது நோயாளரின் கடமை. அங்கே பயன்படுவது தாங்கள் எழுதிவைத்த அத்திகதிகளே.

கேட்டல் திடீரெனக் குறைந்தால் அன்றே வைத்தியரை நாடுக. வைத்தியசாலைகள் மூடிய வேளையில் 116117ஐ அழைக்கலாம். முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல் சேர்ந்திருந்தால் 112.