அரண்மனை அருகே ஒரு தொழுகைக் கூடம்

நுழையும்முன்

பல சமயத்தார் அருகருகே வாழ்வது தென்னகத்துக்குப் பழகிய ஒன்று. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இயங்குகிறது. செஞ்சிக் கோட்டையில் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் நிற்கின்றன. இத்தகைய வாழ்வின் மற்றொரு சான்று, பழைய சேரநாட்டுக் கடற்கரையான கொச்சியில் உள்ளது. சிறிய சமூகம் ஒன்று தன் அடையாளத்தைக் காத்த வரலாற்றையும், சமத்துவத்துக்காகத் தனக்குள்ளேயே போராடிய வரலாற்றையும் அது கூறுகிறது.

செப்பேடு பெற்ற சமூகம்

சங்க இலக்கியம் போற்றும் முசிறிப் பகுதியில் யூத வணிகர் பழங்காலத்திலேயே குடியேறினர். ஏறத்தாழ கி.பி. 1000இல் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னர், யோசேப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு ஒன்றை வழங்கினார். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அச்செப்பேடு, குடை, பல்லக்கு, பகல் விளக்கு உள்ளிட்ட 72 உரிமைகளை அளித்தது.

1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர் வெளியேற்றப்பட்டனர். அவ்வழியில் வந்தோருள் சிலர் பின்னர் கொச்சியை அடைந்தனர். கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு நிலம் அளித்தார். 1568இல் மட்டாஞ்சேரியில் அவர்களது தொழுகைக் கூடம் எழுந்தது. ‘பரதேசி’ என்பது அதன் பெயர். இன்று இரவலரைக் குறிக்கும் இச்சொல், பிற தேசத்தவர் என்னும் மூலப்பொருளில் அங்கு வழங்குகிறது.

கூடத்தினுள்

உள்ளே செல்வோர் காலணியைக் கழற்றிவிட்டு நுழைகின்றனர். தரையில் சீனத்திலிருந்து வந்த, கையால் வரையப்பட்ட நீலவண்ண ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. நடுவே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை உள்ளது. மறைநூலாகிய தோராவின் சுருள்கள் பேழையில் காக்கப்படுகின்றன. உருவச் சிலை எதுவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் எழுந்த மணிக்கூண்டில் எபிரேய, உரோம, மலையாள எண்களைக் காணலாம்.

கூட்டு வாழ்வின் அறம்

யூத மரபில் பொதுவழிபாட்டுக்குப் பத்துப் பேரேனும் கூட வேண்டும். செல்வர் ஒருவர் தனித்து நின்று அதனை நிறைவேற்ற இயலாது. ஈகையைக் குறிக்கும் ‘செதாக்கா’ என்னும் எபிரேயச் சொல், நீதி என்னும் பொருளில் வேர்கொண்டது. கொடுப்பது இரக்கம் மட்டுமன்று, கடமையும் ஆகும் என்பது இதன் கருத்து. வள்ளுவரின் ஒப்புரவு இங்கு நினைக்கத்தக்கது. வாரத்தின் ஏழாம் நாளில் பணியாளரும் உழவு மாடும்கூட ஓய்வு பெற வேண்டும் என்பது தோராவின் கட்டளை.

வெளியே அமர்ந்தவர் குரல்

ஆயினும், விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு இக்கூடத்தில் சம இடம் மறுக்கப்பட்டது. அவர்களும் அதே மறையைப் பின்பற்றியவர்களே. அவர்களுள் ஒருவரான ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967), சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். காந்தியடிகளின் சத்தியாகிரக வழியில் தம் சமூகத்தின் பாகுபாட்டை எதிர்த்தார். ‘யூத காந்தி’ என அழைக்கப்பெற்றார். படிப்படியாகத் தடைகள் தளர்ந்தன. மறைநூல் கூறிய அறத்தை நடைமுறையாக்க மனிதமுயற்சி வேண்டியிருந்தது.

எஞ்சியிருப்பது

1968இல் இக்கூடத்தின் 400ஆம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி பங்கேற்றார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. 1948இல் இஸ்ரேல் உருவானபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். இன்று உள்ளூரில் பத்துப் பேரைத் திரட்டுவதே அரிது. அடைக்கலம் அளித்த மன்னரின் பெருந்தன்மையும், சம இடம் கேட்டவரின் உறுதியும் சேர்ந்தே இக்கூடத்தின் வரலாறு ஆகின்றன. சிறுபான்மையோரைக் காப்பதும், ஒவ்வொரு சமூகமும் தன்னுள் சமத்துவம் பேணுவதும் ஒரே அறத்தின் இரு கூறுகள்.

தெரிந்து தெளிவோம்

எபிரேய மறைநூலில் மயிலைக் குறிப்பதாகக் கருதப்படும் ‘துகி’ என்னும் சொல், தமிழின் ‘தோகை’யிலிருந்து பிறந்தது என்பது கால்டுவெல்லின் கருத்து.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரிலுள்ள பிற சமய வழிபாட்டிடம் ஒன்றிற்குச் சென்று, அதன் வரலாற்றையும் அங்குப் பின்பற்றப்படும் பொது அறங்களையும் தொகுத்து வகுப்பில் உரையாற்றுக.