மலைநாட்டுச் சிறு மருந்தகங்கள்

மருத்துவம் என்றதும் பெருநகர் வைத்தியசாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. எனினும் நாட்டு மக்களின் நலத்தைத் தாங்கி நிற்பவை கிராமந்தோறும் தோட்டந்தோறும் அமைந்த சிறு மருந்தகங்களேயாம். அவற்றின் இடர்களைத் தெல்தெனியப் பகுதியை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

தெல்தெனியவில் ஆதார வைத்தியசாலை உண்டு. அதற்கு மேலே ரங்கல, ஹுன்னஸ்கிரிய முதலிய மலைப்பகுதிகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளித்தல் குறித்த கட்டளைச் சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே எழுந்தது. கொள்ளைநோயும் பிள்ளைப்பேற்று மரணமுமே அக்காலத்துப் பெரும்பகை. 1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, நுளம்பு பெருகி, மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அந்நோய் நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று.

பழம்பகை நீங்கப் புதுப்பகை புகுந்தது. அதுவே நீரிழிவும் இரத்த அழுத்தமும். காய்ச்சல் நோயாளியைத் தானே மருந்தகத்துக்கு இழுத்து வரும். நீரிழிவோ ஓசையின்றி உடலுள் உறையும். முன்னதற்குச் சிலநாள் மருந்து போதும். பின்னதற்கு வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். இம்மாற்றமே இடர்களுக்கெல்லாம் வேர்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, துணைநின்று பேணுபவர் என மருத்துவத்தை நால்வகைப்படுத்தும். அவ்வரிசையிலேயே நோக்குவாம்.

முதலாவது, நோயாளி. அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை. ஆயினும் மருந்துக்காக மலையிறங்கும் நாட்கூலித் தொழிலாளிக்கு அன்று 'பேர்' போடப்படுவதில்லை. கூலியும் போய்ப் பஸ் செலவும் சேரும்போது இலவச மருந்தும் விலையுள்ளதாகிறது. உடல் சற்றுத் தேறியதும் மருந்தை நிறுத்துவோர் இதனாலேயே பலர்.

இரண்டாவது, மருத்துவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் மருத்துவர் பலர் நாடு நீங்கினர். இருப்போரிடமும் தம் மொழியில் நோயைச் சொல்ல இயலாது தமிழ் மக்கள் இடர்ப்படுகின்றனர். 1987இல் தமிழும் அரச கரும மொழியாயிற்று. மருந்தகத்து மேசைவரை அது முழுமையாக வந்து சேரவில்லை.

மூன்றாவது, மருந்து. நம் நாட்டு மருந்துகளிற் பெரும்பகுதி இறக்குமதியே. அந்நியச் செலாவணி குன்றிய 2022இல் பெருவைத்தியசாலைகளிலேயே தட்டுப்பாடு நேர்ந்தது. வாய்க்கால் வற்றினால் முதலில் வாடுவது கடைமடையன்றோ?

நான்காவது, துணைநிற்போர். தாய்சேய் மரணத்தைக் குறைத்ததில் நம் நாடு புகழ்பெற்றது. குடும்பநல மாதர் வீடுவீடாகச் சென்று கருவுற்ற தாயரைப் பேணியமை அதற்கு ஒரு தலையாய காரணம். நீரிழிவாளர் வீட்டுப் படியேற அத்தகைய ஒருவர் இலர். நாம் வற்புறுத்த விரும்புவது இக்குறையையே.

ஆகவே, பிரட்டுக்களத்திலேயே இரத்தப் பரிசோதனை நடத்துதல், மாத மருந்தைத் தோட்ட மருந்தகத்திலேயே வழங்குதல், வேலை முடிந்த மாலைவேளையில் சிகிச்சை அளித்தல் ஆகியன வேண்டற்பாலன. புதுக் கட்டடங்களினும் இவையே முந்தியவை.

மாணவர்காள்! மருத்துவராதல் எல்லார்க்கும் இயலாது. ஆயினும் தாதியராகவும் மருந்தாளராகவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகவும் நீவிர் ஆகலாம். சிங்களமும் தமிழும் செவ்வனே கற்று இப்பணிகளுக்கு முன்வருக. அவர்க்கு வழிகாட்டுதல் பழைய மாணவர் கடன்.