வட்ட உப்புத்தாள் செட்: வீட்டில் செய்து தபாலில் அனுப்புவது எப்படி?

கடைசல் மெஷினில் மரக் கிண்ணம், பம்பரம், பேனா என்று பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். உருவத்தைக் கொண்டுவருவதைவிட, அதைத் தேய்த்து வழவழப்பாக்கத்தான் பொறுமை வேண்டும். அதிலும் கிண்ணத்தின் உட்குழிவைக் கையால் தேய்ப்பது பெரும்பாடு. அதற்காகத்தான் டிரில் மெஷினில் மாட்டும் சின்ன வெல்க்ரோ பேடும், அதில் ஒட்டிக்கொள்ளும் 50 மி.மீ. வட்ட உப்புத்தாளும்.

கடையில் சுலபமாகக் கிடைப்பது 100, 125 மி.மீ. வட்டங்கள். சின்ன வட்டம் வேண்டுமென்றால் நாமே வெட்டிக்கொள்ளலாம். ஒருவர் மொத்தமாக வெட்டி, இதே பொழுதுபோக்கு உள்ள மற்றவர்களுக்கும் அனுப்பினால் எல்லோருக்கும் செலவு குறையும். ஆனால் நம் கையை விட்டுப் போன பார்சலுக்கு நாம்தான் பொறுப்பு. அதில் இருக்கும் நம்பர், அதைக் கட்டிய விதம், அதற்கு வாங்கிய பணம் ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

முதலில் நம்பரைப் புரிந்துகொள்வோம்

உப்புத்தாளில் நம்பர் கூடக்கூட மணி சிறிதாகும். பி 80 தாளில் ஒரு மணியின் சராசரி அளவு சுமார் 200 மைக்ரான். பி 120-ல் 125. பி 240-ல் 60-க்குச் சற்றுக் குறைவு. பி 400-ல் 35. (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.)

ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிக்க வேண்டும். அதனால் நம்பரை ஒன்றரை மடங்குக்கு மேல் தாண்டக் கூடாது. 80, 120, 180, 240, 320, 400 என்ற வரிசை இந்தக் கணக்கில் சரியாக வரும். நடுவில் 180 இல்லாமல் 120-லிருந்து 240-க்குத் தாவினால், மேலுக்கு வழவழப்பாகத் தெரியும். எண்ணெயோ பாலிஷோ பூசியதும் பழைய கீறல் பளிச்சென்று வெளியே வரும். ஆகவே செட் என்றால் ஆறு நம்பரும் இருக்க வேண்டும்.

ஒரு தாளில் எத்தனை வட்டம்?

சாதாரண உப்புத்தாள் 230 × 280 மி.மீ. அளவில் வரும். 50 மி.மீ. வட்டங்களைக் கட்டம் கட்டமாக வரிசையில் வைத்தால் 20 வரும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நீளவாக்கில் ஐந்து வட்டம் வைத்து, அடுத்த வரிசையை அரை வட்டம் தள்ளி, தேன்கூடு மாதிரி அடுக்கினால் 25 வரும். அப்படி அடுக்க வட்டங்களுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவாக இருக்க வேண்டும்; பென்சிலால் வரைந்துகொண்டு வெட்டுங்கள்.

ஒரு செட்டுக்கு நம்பருக்கு ஐந்து வட்டம், மொத்தம் 30 என்று வைத்துக்கொள்வோம். ஆறு நம்பருக்கு ஆறு தாள். கட்ட வரிசையில் நாலு செட் கிடைக்கும். தேன்கூடு வரிசையில் ஐந்து. தாள் அதேதான், ஒரு நண்பருக்கான செட் கூடுதல்.

செய்முறை

1. மரத்துக்கு அலுமினியம் ஆக்சைடு தாள் ஏற்றது. மெல்லிய காகிதத்தைவிடத் துணி முதுகு உள்ள தாள் குழிவான இடத்தில் மடங்காமல் உழைக்கும்.

2. வெல்க்ரோவில் இரண்டு பக்கம் உண்டு. முள் பக்கம் பேடில் இருக்கும். பஞ்சு போன்ற பக்கத்தை வாங்கி, தாளின் முதுகில் காண்டாக்ட் பசையால் ஒட்டுங்கள். பசை வாடைக்கு ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். மேலே கனமான பலகையை வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

3. மறுநாள் 50 மி.மீ. வட்டப் பஞ்சால் வெட்டுங்கள். மணிப் பக்கம் கீழே, துணிப் பக்கம் மேலே. அப்போதுதான் பஞ்சின் விளிம்பு சீக்கிரம் மழுங்காது. அடியில் ஒரு மரக்கட்டை போதும்.

4. பொடி பறக்கும், என்-95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பின்னர் மரத்தைத் தேய்க்கும்போதும் கழற்ற வேண்டாம். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது.

தவறு நடக்கும் இடம்

தாளின் நம்பர் அச்சாகியிருப்பது அதன் முதுகில். நாம் வெல்க்ரோ ஒட்டுவதும் அதே முதுகில். அதாவது ஒட்டியவுடன் நம்பர் மறைந்துவிடும். வெட்டிய பிறகு 240-ஐயும் 320-ஐயும் கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம். 320 என்று எழுதிய கவருக்குள் 120 வட்டம் ஒன்று கலந்துவிட்டால், முகம் தெரியாத ஒருவர் பல நாள் உழைத்த கிண்ணத்தில் கடைசி நேரத்தில் கீறல் விழும். அவர் நம்மைக் கேட்டு உறுதி செய்துகொள்ள முடியாது. கவரில் எழுதியதை நம்பித்தான் தேய்ப்பார்.

இதைத் தவிர்க்க மூன்று பழக்கம் போதும். ஒரு நேரத்தில் ஒரு நம்பரை மட்டும் மேசைமேல் வையுங்கள். ஒட்டியதுமே, வெட்டும் முன்பே, நம்பருக்கு ஒரு வண்ணமாக மார்க்கரால் துணிப் பக்கம் முழுக்கக் கோடு போடுங்கள். வெட்டும் வேலையை 400-ல் தொடங்கி 80-ல் முடியுங்கள். பெரிய மணி உதிர்ந்து நைஸ் தாளில் ஒட்டாது. ஒவ்வொரு நம்பருக்கும் தனி ஜிப் கவர், கவர்மேல் நம்பர், உள்ளே எந்த வண்ணம் எந்த நம்பர் என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டிலேயே "வேகத்தைக் குறைத்து, மெதுவாக அழுத்தித் தேய்க்கவும், சூடேறினால் பேடின் முள் உருகிவிடும்" என்றும் எழுதிவிடுங்கள்.

பார்சல் கட்டுவது

வட்டங்கள் மடங்கினால் மணி உதிரும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் கட்டுங்கள். ஈரம் பட்டால் தாள் சுருளும். அதனால் வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை அவசியம். பெறுநர், அனுப்புநர் இருவரின் முழு முகவரி, ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண், கைபேசி எண் இருக்கட்டும்.

"பசை டப்பாவும் சேர்த்து அனுப்புங்களேன்" என்று கேட்பார்கள். கூடாது. காண்டாக்ட் பசை, தின்னர் போன்ற தீப்பிடிக்கும் பொருள்களைத் தபாலில் அனுப்பத் தடை உண்டு. என்ன பசை வாங்க வேண்டும் என்று எழுதி அனுப்பினால் போதும்.

ஸ்பீடு போஸ்ட் ரசீதில் 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும்: இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ, என் என்ற இரண்டு எழுத்து. ரசீதைப் படம் எடுத்துப் பெறுநருக்கு அனுப்பிவிடுங்கள். "பார்சல் எங்க இருக்கு?" என்ற கேள்விக்கு இந்தியா போஸ்ட் தளத்தில் அவரே விடை பார்த்துக்கொள்வார். புகார் என்றால் அஞ்சல் துறையின் கட்டணமில்லா எண் 1800 266 6868.

பணம் வாங்கினால்?

நண்பருக்கு அன்பளிப்பாக ஒரு செட் அனுப்புவதற்கு எந்தப் பதிவும் வேண்டாம். தொடர்ந்து பணம் வாங்கிக்கொண்டு அனுப்பத் தொடங்கினால் கணக்கு மாறுகிறது. லாபம் வைக்கவில்லை என்பதால் மட்டும் அது வியாபாரம் இல்லை என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்வதில்லை.

தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனால் வரிக்குரிய பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால், குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்கள் தவிர, தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு வேண்டும். கடலூரிலிருந்து பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு விற்பதும் எல்லை தாண்டுவதுதான். கன்னியாகுமரிக்கு விற்பது அப்படியல்ல. சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வணிகவரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

விற்பனைக்கு முன்கூட்டியே பொட்டலம் கட்டினால், 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளும் பொருந்தும். தயாரிப்பவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை உறைமேல் வேண்டும். பொட்டலம் கட்டத் தொடங்கிய 90 நாளுக்குள் பதிவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது.

சிறுதொழிலாகவே செய்ய நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்கிறது. ஆதார் எண்ணை வைத்துக் கைபேசியிலேயே செய்யலாம்; கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

கைபேசியில் கவனம்

பார்சல் அனுப்புபவர்களுக்கு வலைவிரிக்கும் மோசடிகள் இரண்டு. "முகவரி சரியில்லை, இந்த லிங்கை அழுத்திச் சின்னத் தொகை கட்டுங்கள்" என்று அஞ்சல் துறை பெயரில் வரும் குறுஞ்செய்தி ஒன்று. "பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பது இன்னொன்று. யு.பி.ஐ.யில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் நம் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

அனுப்பும் முன் ஒரு நிமிடம்

ஆறு கவரையும் திறந்து, எண்ணிக்கை ஐந்தா, வண்ணம் ஒன்றேதானா என்று பாருங்கள். கவரில் எழுதிய நம்பரும் வண்ணச் சீட்டும் ஒத்துப்போகின்றனவா? பசை, எண்ணெய் எதுவும் உள்ளே இல்லையே? அஞ்சல் குறியீட்டு எண் சரியா? எல்லாம் சரியென்றால் ஒட்டிவிடுங்கள். பெறுபவர் கவரில் எழுதியதை அப்படியே நம்பித் தேய்க்கலாம்.