போய் வந்தவர் சொன்ன புத்திமதி

அயல்நாடு செல்வோர், முன்னே போய் வந்தவரிடம் விசாரித்து அறிவது பழைய வழக்கம். ஸ்பெயின் நாட்டில், நம் சந்தியாகப்பரின் கல்லறை உள்ள சந்தியாகோ நகருக்குப் பிரான்சிலிருந்து நடந்து சென்ற திருயாத்திரிகர்களுக்கென 12-ஆம் நூற்றாண்டிலேயே இலத்தீனில் ஒரு வழிகாட்டி எழுதப்பட்டது.

எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அது பெயர் பெயராகச் சொல்கிறது. நவார்ரா நாட்டின் உப்பாற்றங்கரையில் இருவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தனராம். தண்ணீர் நல்லதுதான் என்றார்களாம். குடித்த குதிரைகளில் இரண்டு மாண்டன. உடனே அவர்கள் தோலை உரித்துக்கொண்டார்கள்! சில ஓடக்காரர்கள் ஆட்களை அளவுமீறி ஏற்றுவார்கள். ஓடம் கவிழ்ந்தால் இறந்தவர் உடைமை அவர்களுக்கு. ஆகையால் சிலராகவே ஏறுங்கள் என்கிறார் ஆசிரியர். இவற்றை நாம் நம்பலாம். பட்டவர் சொல் அல்லவா?

ஆனால் அவர் நவார்ரா மக்கள் அனைவரையுமே கொடியவர்கள் என ஏசுகிறார். இதை எப்படி ஏற்பது? கத்தி தீட்டியவர் இருவர்தாமே! அதே ஏட்டில் அப்பம், திராட்சை இரசம், தண்ணீர் முதலியவற்றுக்கு அந்நாட்டார் மொழியில் என்ன சொல் என்றும் குறித்திருக்கிறார். அவற்றை அவருக்கு யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த நல்லவரைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.