மனிதர் மருந்தும் நாயின் உயிரும்

நாய் வளர்ப்போர் பலர். தம் வீட்டு மருந்தே அதற்குக் கூற்றாதல் கூடும் என்பதை உணர்ந்தோர் சிலரே. சென்ற ஆண்டில் நம் விடுதிக் காவலாளர் வளர்த்த சிறு நாயொன்று, அவர் காய்ச்சலுக்கென வாங்கிவைத்திருந்த பாராசிட்டமால் மாத்திரைகளைக் கடித்து விழுங்கிவிட்டது. அன்று மாலை அது வழக்கம்போல் வாலாட்டி ஓடி விளையாடினமையால், தீங்கொன்றுமில்லையென்று அவரும் நாமும் வாளாவிருந்தோம். மூன்றாம் நாள் அதன் கண்களும் ஈறுகளும் மஞ்சள் நிறமடைந்தன; நான்காம் நாள் அது மாண்டது. அன்று நாம் அறியாதிருந்ததை மாணவ நண்பர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

மருந்து நஞ்சாவது அளவினாலும் உண்ணும் உயிரின் உடற்கூற்றினாலுமாம். 60 கிலோ நிறையுள்ள மனிதன் 500 மில்லிகிராம் மாத்திரையொன்றை உண்டால், கிலோவொன்றுக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராமே சேரும். அதனையே 5 கிலோ நிறையுள்ள நாய் உண்டாலோ, கிலோவொன்றுக்கு 100 மில்லிகிராமாகும். இவ்வளவு அதன் ஈரலைக் கெடுக்கவல்லது. ஈரலின் கேடு சின்னாட் கழித்தே வெளிப்படுமாதலின், முதல் நாளின் உற்சாகத்தை நம்பலாகாது. பூனைக்கோ ஒரு மாத்திரையே உயிரைப் போக்கக்கூடும். இபுப்ரோபென் என்னும் வலிமருந்து நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆயின், செய்யத்தக்கன யாவை? முதலாவது, எஞ்சிய மருந்தை நாய்க்கு எட்டாதவாறு அகற்றுதல் வேண்டும். இரண்டாவது, மருந்தின் பெயர், மாத்திரையின் அளவு, குறைந்த எண்ணிக்கை, விழுங்கிய நேரம், நாயின் நிறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, மருந்து அட்டையையும் உடன் எடுத்தல் வேண்டும். மூன்றாவது, நோய்க்குறி தோன்றுமட்டும் காத்திராது, கால்நடை மருத்துவரிடம் விரைதல் வேண்டும். விழுங்கி ஓரிரு மணி நேரத்துக்குள்ளாயின், அவர் வாந்தி செய்வித்து மருந்தை வெளியேற்றக்கூடும். நஞ்சை ஈர்க்கும் கரித்தூளையும் ஊட்டக்கூடும். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல் சிஸ்டீன் என்னும் மாற்றுமருந்தும் உண்டு. காலந்தாழ்ந்ததாயினும் அவரிடம் செல்லாதிருத்தல் தவறு.

நாமே உப்புநீர் புகட்டி வாந்தி செய்வித்தல் தகாது. உப்பு மிகின் அதுவே நஞ்சாகும். மயங்கிய நாய் வாந்தியெடுப்பின் அது நுரையீரலிற் புகுந்து உயிர்க்கு இடராகும். பாலும் முட்டையும் இந்நஞ்சை முறிக்கமாட்டா.

இவையனைத்தினும் எளியது, மருந்தைப் பூட்டிவைத்தலே. வாயில்லாப் பிராணி தனக்கு நேர்ந்ததைச் சொல்ல அறியாது. அட்டையிற் குறைந்த மாத்திரைகளை அன்றே எண்ணிப் பார்த்து விரைந்திருப்போமாயின், காவலாளரின் நாய் பிழைத்திருத்தலுங் கூடும்.