குறையில்லாத கதாநாயகன்: தொடர்கதை எழுதும் தம்பிக்கு ஒரு கடிதம்



வார இதழில் தொடராக வந்து அண்மையில் முடிந்த தம்பியின் நாவல், செய்யாத குற்றத்துக்காகச் சிறை செல்லும் கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவரின் கதையாகும். நகைக்கடனுக்கு ஈடாகப் பெற்ற நகைகளில் சில வெறும் கவரிங் என்று தணிக்கையில் தெரியவர, மதிப்பீட்டாளரும் செயலாளரும் கூட்டாகச் செய்த மோசடி எழுத்தரின் தலையில் விடிகிறது. அத்தியாயத்தை எந்த வரியில் நிறுத்தினால் வாசகர் அடுத்த வாரம்வரை தவிப்பார் என்பது தம்பிக்கு நன்றாகவே தெரிந்திருப்பதால், கதைக்கட்டு பற்றி இங்கே பேச்சில்லை. இக்கடிதத்தை எழுதுபவரை உறுத்தியவை இரண்டு: கதாநாயகனின் அளவு கடந்த நல்லொழுக்கம், அவன் சிக்க வைக்கப்படும் முறை.

முதல் நான்கு அத்தியாயங்களில் எழுத்தர் ரத்த தானம் செய்கிறார். வட்டி கட்ட இயலாத கிழவிக்குத் தம் சம்பளத்திலிருந்து கட்டுகிறார். அனாதைச் சிறுவனுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்துகிறார். டீக்கடையில்கூடக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஒருவன் ஒரு குறிப்பிட்ட குற்றத்தைச் செய்யவில்லை என்று நிறுவ அவனுடைய வாழ்நாள் முழுவதையும் சலவை செய்து காயப்போட வேண்டியதில்லை. அப்படிச் செய்யும் கதை, இவ்வளவு நல்லவனல்லாத ஒருவனுக்கு இதே அநீதி நேர்ந்திருந்தால் அது பெரிதில்லை என்று தன்னை அறியாமலே சொல்லிவிடுகிறது. சிலப்பதிகாரக் கோவலன் கட்டிய மனைவியை விட்டு மாதவியிடம் போய்ச் செல்வத்தைத் தொலைத்தவன். இளங்கோ அதை மறைக்கவில்லை. சிலம்பைத் திருடவில்லை என்ற ஒன்றைத் தவிர வேறு நற்சான்று அவனுக்குத் தேவைப்படவும் இல்லை.

1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்த அலெக்சாந்தர் துய்மாவின் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ நாவலைத் தம்பி கட்டாயம் படித்திருப்பார். ஆயினும் அதன் தொடக்கத்தை மீண்டும் பார்ப்பது நல்லது. எட்மண்ட் தாந்தேஸ் மீது அனுப்பப்படும் மொட்டைக் கடிதம், அதாவது எழுதியவர் பெயரில்லாத புகார், முழுப் பொய்யன்று. நெப்போலியன் நாடு கடத்தப்பட்டிருந்த எல்பாத் தீவிலிருந்து ஒரு கடிதத்தை அவன் உண்மையிலேயே எடுத்து வந்திருக்கிறான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அவனுக்குத் தெரியாது. விசாரிக்கும் வில்ஃபோர் அவனை விடுவிக்கவே முற்படுகிறார். ஆனால் கடிதம் தம் சொந்தத் தந்தையின் பெயருக்கு எழுதப்பட்டிருப்பதைக் கண்டதும் அதைத் தீயிலிட்டுவிட்டு, இளைஞனைக் கடல் நடுவே இருக்கும் கோட்டைச் சிறைக்கு அனுப்பிவிடுகிறார்; அவன் அங்கே 14 ஆண்டுகள் கிடக்கிறான். செய்த ஒரு சிறு செயலும், விடுதலை செய்ய நினைத்த ஓர் அதிகாரியின் அச்சமும் சேர்ந்துதான் அங்கே அநீதி உருவாகிறது. தம்பியின் கதையிலோ எழுத்தர் எதையும் செய்யவில்லை. செயலாளர் எல்லாவற்றையும் செய்கிறார்.

இத்தனைக்கும் தேவையான சிறு செயல் தம்பியின் மூன்றாம் அத்தியாயத்திலேயே கிடக்கிறது. மதிப்பிடப்பட்ட நகை, கடன் எண் எழுதிய பொட்டலத்தில் இடப்பட்டு, மதிப்பீட்டாளர், எழுத்தர், செயலாளர் மூவரும் கையெழுத்திட்ட பிறகு அரக்கு வைக்கப்பட்டு, இரட்டைச் சாவிப் பெட்டகத்துக்குள் செல்கிறது என்று தம்பி வெகு நுணுக்கமாக விவரித்திருக்கிறார். பொங்கலுக்கு முந்தைய நாள், வாசல்வரை கூட்டம், மதிப்பீட்டாளர் ஒட்டிய பொட்டலங்களை வரிசையாக நீட்டுகிறார். அந்த நேரத்தில் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துக் கையெழுத்திடும் எழுத்தர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்? தம்பியின் கதாநாயகன் மட்டும் பிரித்துப் பார்க்கிறான். பார்க்காமல் கையெழுத்திட்டிருந்தால் அவன் திருடனாகியிருக்க மாட்டான்; கதை உயிர் பெற்றிருக்கும்.

இரண்டாவது உறுத்தல் பதினைந்தாம் அத்தியாயம். காவல் நிலையத்தில் அடித்து வாங்கிய ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டே நீதிபதி தண்டனை விதிப்பதாக எழுதியிருப்பதைப் படித்ததும் இதழைக் கீழே வைத்துவிடத் தோன்றியது. காவல் அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது என்பதை 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் வைத்திருந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய சட்டமும் 23ஆம் பிரிவில் அதையே வைத்திருக்கிறது. ஆனால் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்புக்குக் காரணமான பகுதி மட்டும் செல்லும் என்ற விதிவிலக்கும் உண்டு. அநீதி நுழையும் வாசல் அந்த விதிவிலக்குத்தான். எழுத்தர் வீட்டுப் பீரோவிலிருந்து ஒரு நகை ‘கைப்பற்றப்படுகிறது’. கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னிலையில் பதியும் ஆவணமான மகஜர் எழுதப்படுகிறது. அழைத்து வரப்பட்ட கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் கையெழுத்திடுகிறார்கள். நிர்வாக அலுவலருக்கு எழுத்தரைப் பல ஆண்டுகளாகத் தெரியும். பேனாவைத் திறந்துவிட்டு ஒரு கணம் தயங்குகிறார், அடுத்த ஊரில் வேறு வேலை காத்திருக்கிறது, கையெழுத்திடுகிறார். தம்பி எழுதாமல் விட்ட அத்தியாயம் இதுவே.

இந்தத் தயக்கத்தைப் பற்றி இக்கடிதத்தை எழுதுபவர் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம் என்பது நண்பர் வட்டத்தில் பழைய புகார். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கோவலனைப் பார்த்த காவலர்கள் இவன் திருடனைப் போல் தோன்றவில்லை என்று தயங்குகிறார்கள். அவன் மீது பழி சுமத்திய பொற்கொல்லன் சிரித்து, மந்திரம், தெய்வம், மருந்து என்று தொடங்கிக் கள்வர் துணைகொள்ளும் எட்டையும் ஒரு வல்லுநரைப் போல எடுத்துரைக்கிறான். காவலருள் ஒருவன் தான் கண்ட கள்வன் ஒருவனின் திறமையைக் கதையாகச் சொல்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கல்வியறிவில்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஊடல் கொண்ட தேவியைத் தேடிப் போகும் வழியில் அரை நினைவோடு ஆணையிட்ட மன்னன் அங்கே இல்லவே இல்லை. ஐயமும் தயக்கமும் விவாதமும் இருந்தும் கொலை நிகழ்ந்துவிடுகிறது. கொடியவன் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் காட்சியால் இதில் பத்தில் ஒரு பங்கு அச்சத்தைக்கூட உண்டாக்க இயலாது.

வெகுசன எழுத்துக்கு இவ்வளவு நுணுக்கம் தாங்காது என்று தம்பி சொல்லக்கூடும். 1930களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய ‘கள்வனின் காதலி’யைவிட வெகுசனமான கதை எது? தங்கையிடம் தகாத முறையில் நடக்க முயன்ற மடத்துக் கார்வாரை, அதாவது மடத்தின் நிர்வாகியை, அடித்த முத்தையன், அவருடைய சூழ்ச்சியால் போலீஸ் காவலில் சிக்கி, தப்பி, கொள்ளிடக் கரைக் காட்டில் ஒளிந்து உண்மையாகவே கொள்ளைக்காரனாகிவிடுகிறான். முதல் பழி பொய். பின்னர் வந்தவை பொய்யல்ல. அவனைத் தேடும் போலீஸ் அதிகாரி சாஸ்திரியும் கொடியவர் இல்லை. இக்கடிதத்தை எழுதுபவரின் பள்ளிப் பருவத்தில், இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்த தொடர்கதைகளை வாடகைக்குத் தந்த நூல் நிலையங்களில் இத்தகைய நாவல்களின் பக்கங்கள் எண்ணெய் படிந்து கிடக்கும். ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருக்கும். வில்லனின் படத்தில் கண்களை யாரோ ஊசியால் குத்தியிருப்பார்கள். ‘கள்வனின் காதலி’யின் கட்டு ஒன்றில் மட்டும் எந்தப் படமும் குத்தப்படாமல் இருந்தது. குத்துவதற்கு ஏற்ற ஒரே முகம் அந்த வாசகர்களுக்குக் கிடைக்கவில்லை போலும்.

வீரத்தைப் பற்றி ஒரு சொல். தம்பியின் எழுத்தர் கூண்டில் மௌனமாக நிற்க, இறுதி அத்தியாயத்தில் செயலாளர் மனம் திருந்தி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதால் எழுத்தர் விடுதலையாகிறார். அவ்வாறாயின் கதையின் துணிவான செயலைச் செய்தவர் செயலாளரே ஆகிறார். குறைபடும் தொகையைக் கட்டிவிட்டால் புகாரே இராது என்று மைத்துனர் வற்புறுத்தும் இடம் பத்தாம் அத்தியாயத்தில் வருகிறது. கட்டுவதே குற்றத்தை ஏற்பதாகிவிடும் என்று எழுத்தர் மறுப்பதைத் தம்பி இரண்டே வரியில் கடந்து செல்கிறார். பார்க்காமல் கையெழுத்திட்டது உண்மை என்று வேலையை இழக்கும்படி ஒப்புக்கொண்டு, திருடியதாக ஒப்புக்கொள்ள மறுப்பவனையே கதாநாயகன் என்று அழைக்கலாம். அந்த இரண்டு வரி ஓர் அத்தியாயத்துக்கு உரியது.

இவ்வளவும் சொன்ன பிறகு பதினோராம் அத்தியாயத்தைக் குறிப்பிடாமல் விடுவது அநியாயம். செய்தி பரவி, உறுப்பினர்கள் தத்தம் நகையைப் பார்க்கச் சங்க வாசலில் வரிசையில் நிற்க, எழுத்தரின் மனைவியும் தாம் அடகு வைத்த சங்கிலிக்கான சீட்டுடன் அதே வரிசையில் நிற்கிறார். எவரும் பேசுவதில்லை. முன்னால் நிற்கும் முதியவள் தன் சங்கிலியை வாங்கி, பற்றவைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, தன்னுடையதுதான் என்று தெரிந்ததும், திரும்பி அப்பெண்ணை முன்னே போகச் சொல்லி விலகி நிற்கிறாள். அண்மைக் காலத் தமிழ்த் தொடர்கதைகளில் இதற்கு நிகரான பக்கம் இக்கடிதத்தை எழுதுபவரின் பார்வைக்கு வந்ததில்லை. மூத்த எழுத்தாளர் எவரும் இதை எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பார். புத்தகமாக்கும்போது முதல் நான்கு அத்தியாயங்களை ஒன்றாகச் சுருக்கலாம், பதினைந்தை மாற்றி எழுதலாம், செயலாளரின் மனமாற்றத்தை முழுவதும் நீக்கலாம். பதினொன்றில் பதிப்பாளர் சொன்னாலும் ஒரு சொல்லையும் தொட வேண்டாம்.